ரங்கநாதனும் பூட்டிய அலமாரியும்

குழந்தைகள் பாடப் புஸ்தகத்தைத் தவிர வேறொன்றும் படிப்பதில்லை என்று குறை கூறாத பெற்றோர் இன்று நம்மிடை அரியர். அக்குழந்தைகளின் கைக்கு எட்டும் இடத்தில் வேறு புஸ்தகம் இருந்ததா என்று கேட்போரோ அவரினும் அரியர். வாழ்நாள் முழுதும் அக்கேள்வியையே கேட்டுவந்தவர் சீர்காழி ராமாமிருத ரங்கநாதன்.

1892-ஆம் ஆண்டில் பிறந்த அவர், ஆறாம் வயதில் தந்தையை இழந்தார். திக்குவாயால் இளமையில் மிகவும் வருந்தினார். பேசத் தடுமாறிய இச்சிறுவன் ஒரு காலத்தில் கலாசாலை வகுப்பில் நின்று கணிதம் போதிப்பான் என்று யார் எண்ணியிருப்பர்? கிறிஸ்தவக் கலாசாலையில் கணிதத்தில் எம். ஏ. பட்டம் பெற்று, மங்களூரிலும் கோயமுத்தூரிலும், பின்னர் சென்னை ராஜதானிக் கலாசாலையிலும் ஆசிரியராயிருந்தார்.

1924 ஜனவரியில் சென்னை ஸர்வகலாசாலையின் முதல் நூலகரானார். உத்தியோகம் உடனே கசந்தது. மாணவரின் முகத்தைப் பார்த்துப் பழகியவருக்கு ஆளற்ற கூடமும் அசையாத புஸ்தகங்களும் சிறைவாசமாகவே தோன்றின. பழைய வேலைக்கே திரும்ப முயன்றார். லண்டன் சென்று பயின்று வந்த பின்னரும் மனம் மாறாவிடில் திரும்பலாம் என்று அவரை இணங்கச் செய்தனர். நம் நாட்டின் நல்வினை, அவர் மனம் மாறிற்று.

லண்டனில் அவருக்கு வழிகாட்டியவர் கிராய்டன் நகர நூலகத் தலைவரான ஸேயர்ஸ். குழந்தைகளின் நூலகம் பற்றித் தனி நூலே எழுதியவர் அவர். அங்கே ரங்கநாதன் கண்டது வெறும் அலமாரி வரிசையன்று. தொழிலாளியும், குடும்ப ஸ்திரீயும், சிறு குழந்தையும் தத்தமக்குரிய புஸ்தகத்தைத் தாமே தேடி எடுத்துச் சென்றனர். இது நம் நாட்டில் ஏன் ஆகாது? 1925-இல் திரும்பியவர், ஸர்வகலாசாலை நூலகத்தில் வாசகர் தாமே அலமாரியிடம் சென்று புஸ்தகத்தை எடுத்துப் பார்க்க வழி செய்தார். திருட்டுப் போகுமே என்னும் அச்சம் எங்கும் எழுவதுதான். தொலையாமல், படிக்கப்படாமலும் கிடக்கும் புஸ்தகமே பெருநஷ்டம் என்பது அவர் கருத்து.

1931-இல் வெளிவந்த அவரது நூலக விதிகள் ஐந்து. புஸ்தகம் பயனுக்கே உரியது. ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கேற்ற புஸ்தகம் உண்டு. ஒவ்வொரு புஸ்தகத்திற்கும் ஒரு வாசகர் உண்டு. வாசகரின் காலம் வீணாகலாகாது. நூலகம் வளர்ந்துகொண்டே இருப்பது. அதே ஆண்டில் மன்னார்குடியை அடுத்த மேலவாசலில், கனகசபைப் பிள்ளையின் முயற்சியால், மாட்டு வண்டியில் புஸ்தகங்கள் கிராமம் கிராமமாகப் புறப்பட்டன. மோட்டார் அரிதாயிருந்த காலத்தில் இது நடந்தது என்பதை நினைவிற் கொள்க.

1930-இல் காசியில் நடந்த கல்வி மகாநாட்டிலேயே அவர் ஒரு மாதிரி நூலகச் சட்டத்தை முன்வைத்தார். அவிநாசிலிங்கம் செட்டியார் கல்வி மந்திரியாயிருந்த 1948-இல்தான் சென்னை ராஜ்யத்தில் நூலகச் சட்டம் நிறைவேறிற்று. சுதந்திர இந்தியாவில் இத்துறையில் அதுவே முதற்சட்டம். வீட்டுவரியோடும் சொத்துவரியோடும் நூலக வரியும் சேர்ந்தது. அதாவது, நூலகம் தர்மப் பிரபுக்களின் ஈகை என்ற நிலை மாறி, வரி செலுத்தும் ஜனங்களின் உரிமையாயிற்று.

அந்நாளில் செங்கற்பட்டு ஜில்லாவிலிருந்த திருவள்ளூர், 1997-இல் தனி மாவட்டமாயிற்று. கும்மிடிப்பூண்டியில் தொழிற்சாலைகள் பெருகின. செங்கற்சூளைக்கும் ஆலைக்கும் ஒரிஸாவிலிருந்தும் பீஹாரிலிருந்தும் குடும்பங்கள் வருகின்றன. எல்லைப்புறமாதலின் தெலுங்கு பேசுவோரும் பலர். ஒவ்வொரு வாசகருக்கும் அவரது புஸ்தகம் என்றால், சூளையருகே விளையாடும் ஒரியாக் குழந்தைக்கும் அவள் மொழியில் ஒரு படக்கதை வேண்டாமா? பள்ளி அலமாரியைப் பூட்டி வைக்கும் உபாத்தியாயரை மட்டும் வைவதில் நியாயமில்லை. காணாமற்போன புஸ்தகத்திற்கு அவரல்லவா பதில் சொல்லவேண்டும்? கிழிந்ததையும் தொலைந்ததையும் உபயோகத்தின் செலவாக எழுதிக்கொள்ள அதிகாரிகள் முதலில் மனம் வைக்கட்டும்.

தம் சேமிப்பிலிருந்து ஒரு லக்ஷம் ரூபாயைச் சென்னை ஸர்வகலாசாலைக்கு நூலகக் கல்விக்கென அளித்த ரங்கநாதன், 1972 செப்டம்பர் 27-ஆம் தேதி பெங்களூரில் காலமானார். அவர் விரும்பிய வரியை நாம் இன்றும் செலுத்தி வருகிறோம். அதில் குழந்தைப் புஸ்தகங்களுக்குச் செலவாவது எவ்வளவு, அவை எந்தெந்த மொழியில் வாங்கப்படுகின்றன என்று கும்மிடிப்பூண்டியிலும் திருவள்ளூரிலும் பொதுஜன ஊழியர்கள் கணக்குக் கேட்கவேண்டும்.