பதின்மூன்று வயதில் ஒரு பீடம்

இரண்டாமாண்டு பி.எஸ்ஸி., வேதியியல்

இளங்கன்று பயமறியாது என்பார்கள் பெரியவர்கள். ஆனால் அந்த இளங்கன்றின் கழுத்திலேயே நுகத்தடியைப் பூட்டிவிட்டால் அது என்ன செய்யும்? துள்ளுமா, துவளுமா, அல்லது நடக்கப் பழகிக் கொள்ளுமா? இவ்வினா என் உள்ளத்தில் எழுந்ததற்கு ஒரு காரணம் உண்டு. எங்கள் ஊர் மாரியம்மன் கோயில் பூசாரி காலமானபோது, என்னோடு பத்தாம் வகுப்பில் படித்துக் கொண்டிருந்த அவருடைய மகன் பள்ளியை விட்டான்; பூசைத் தட்டை ஏந்தினான். நேற்றுவரை அவனைப் பெயர் சொல்லி அழைத்தவர்கள் மறுநாள் அவன் கையால் திருநீறு பெற்றுக் கொண்டார்கள். அவனுக்கு விருப்பமா என்று யாரும் கேட்டதாக எனக்கு நினைவில்லை.

அவனை எண்ணும்போதெல்லாம் இன்னொரு சிறுவனின் வாழ்க்கையும் என் நினைவுக்கு வரும். அச்சிறுவன்தான் பின்னாளில் காஞ்சிப் பெரியவர் என்று நாடறிந்த சந்திரசேகரேந்திர சரசுவதி சுவாமிகள்.

1894ஆம் ஆண்டு மே 20ஆம் நாள் விழுப்புரத்தில் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் சுவாமிநாதன். தந்தையார் சுப்பிரமணிய சாஸ்திரி கல்வித் துறையில் பணியாற்றியவர், தாயார் மகாலட்சுமி. வீட்டில் பேசிய மொழி கன்னடம். தெருவுக்குத் தெரு தமிழும் கன்னடமும் தெலுங்கும் கலந்து ஒலிக்கும் ஓசூர்ப் பக்கத்து மாணவர்களாகிய நமக்கு இது வியப்பளிக்காது.

திண்டிவனத்தில் ஆற்காடு அமெரிக்கன் மிஷன் பள்ளியில் சேர்ந்தார். பிற்காலத்தில் வேத நெறியின் காவலராகக் கருதப்பட்டவர், அன்று விவிலியப் பாடத்தில் பரிசு பெற்ற மாணவர்! பள்ளியில் ஷேக்ஸ்பியரின் ‘ஜான் மன்னன்’ நாடகம் நடந்தபோது, இளவரசன் ஆர்தர் வேடம் அவருக்குக் கிடைத்தது. பெரியவர்களின் அரசுரிமைப் போட்டியில் சிக்கிக் கொள்ளும் பாலகன் ஆர்தர். ஓராண்டுக்குள் தானும் ஓர் அரியணைக்கு உரியவனாகப் போவதை அந்த மாணவன் அறிந்திருக்க நியாயமில்லை.

1907ஆம் ஆண்டின் தொடக்கம். காமகோடி மடத்தின் 66ஆம் பீடாதிபதி, ஆற்காட்டை அடுத்த கலவையில் சித்தியடைந்தார். வேதம் பயின்ற இளைஞர் ஒருவர் 67ஆம் பீடாதிபதி ஆக்கப்பட்டார். அவர் சுவாமிநாதனின் பெரியம்மா மகன். தன் தாய்க்கு ஒரே பிள்ளை. ஒரே மகன் துறவியாகிவிட்டானே என்று கலங்கிய உடன்பிறந்தாளைத் தேற்றுவதற்காக மகாலட்சுமி அம்மையார் பிள்ளைகளுடன் புறப்பட்டார். தந்தையார் அலுவல் காரணமாகத் திருச்சிக்குப் போயிருந்தார்.

காஞ்சிபுரம் வரை ரயில். அங்கே மடத்து வண்டி ஒன்று வந்திருந்தது. மடத்து மேஸ்திரி சுவாமிநாதனை மட்டும் அதில் ஏற்றிக் கொண்டார். மற்றவர்கள் வேறு வண்டியில் பின்னால் வந்தார்கள். வழியில்தான், இனி நீ வீடு திரும்புவது ஐயம் என்று மேஸ்திரி மெல்லக் கோடிட்டுக் காட்டினார். புதிய பீடாதிபதி கடும் காய்ச்சலில் நினைவு தடுமாறிக் கிடந்தார். பொறுப்பேற்ற சில நாட்களிலேயே மறைந்தார். 1907 பிப்ரவரி 13ஆம் நாள் சுவாமிநாதன் காவி உடுத்தி 68ஆம் பீடாதிபதியானார். வயது பதின்மூன்றுகூட நிறையவில்லை. தமக்கையைத் தேற்றப் போன தாயைத் தேற்ற வேறொருவர் வேண்டியதாயிற்று.

பிற்காலத்தில் அவர் தம் வாழ்வைத் திரும்பிப் பார்த்து எழுதியபோது இதை மறைக்கவில்லை. தாம் அணிந்த காவி வைராக்கியத்தால் வந்ததன்று என்றும், குருவின் அருகிருந்து பழகும் பேறும் தமக்கு வாய்க்கவில்லை என்றும், முதல் நாளிலிருந்தே அரசவை போன்ற ஆடம்பரமும் பொறுப்புமே தம்மைச் சூழ்ந்திருந்தன என்றும் ஒப்புக் கொண்டிருக்கிறார். பீடத்தில் இருப்பவர் இப்படிச் சொல்வது எளிதன்று. அவருடைய பெருமைகளுள் முதலாவதாக நான் எண்ணுவது இதைத்தான்.

அவர் சிறுவராய் இருந்தவரையில் மடத்துச் சொத்துகளை அரசின் கோர்ட் ஆப் வார்ட்ஸ் கவனித்து வந்தது. காவிரிக் கரையில் மகேந்திரமங்கலம் என்னும் சிற்றூரில் 1911 முதல் சுமார் மூன்றாண்டுகள் தங்கிப் படித்தார். பண்டிதர்கள் முதலில் அவரைக் குருவாக எண்ணி வணங்குவார்கள்; பிறகு ஆசிரியராக இருந்து பாடம் நடத்துவார்கள். வடமொழிச் சாத்திரங்களோடு கணிதமும் வானியலும் அவரைக் கவர்ந்தன. மடத்தில் முதியவர் ஒருவர் அவருடைய குறைகளை முகத்துக்கு நேரே எடுத்துரைப்பார். உங்கள் நன்மைக்காகவே சொல்கிறேன் என்று பொறுத்தருளவும் வேண்டுவார். எல்லோரும் வணங்கும் சிறுவனுக்கு அந்த ஒருவர்தான் உண்மையான செல்வம் என்பேன்.

1919இல் தொடங்கிய அவருடைய யாத்திரை இருபது ஆண்டுகள் நீண்டு காசிவரை சென்றது. 1927 அக்டோபரில் பாலக்காட்டை அடுத்த நெல்லிச்சேரியில் காந்தியடிகள் அவரைச் சந்தித்தார். 1932இல் தாயார் மறைந்த செய்தி வந்தபோது, துறவிக்கு விதித்தபடி நீராடியதோடு அமைந்தார். எண்பது வயதைத் தாண்டிய பிறகும் ஆந்திரம், கருநாடகம், மராட்டியம் என்று கால்நடையாகவே சென்றார். 1994 ஜனவரி 8ஆம் நாள், நூறாண்டு நிறைய நான்கு மாதங்கள் இருக்கும்போது மறைந்தார்.

சாதி முறையிலும் கோயில் நுழைவிலும் அவர் பழைய மரபின் பக்கமே நின்றார். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். கல்வியின் கதவு யாருக்கும் அடைக்கப்படலாகாது என்று நம்பும் என்னால் அதை ஏற்க இயலவில்லை. ஆயினும் அவருடைய எளிமையையும் உழைப்பையும் மறுக்கவும் இயலவில்லை.

சிறுவரைப் பீடமேற்றுவது ஒரு மடத்தின் வழக்கம் மட்டுமன்று. சீக்கியரின் எட்டாம் குருவான ஹர் கிருஷண் 1661இல் ஐந்து வயதில் குருவானார். 1664இல் டில்லியில் அம்மை கண்டு மறைந்தார். இளமையில் வளைத்தால்தான் மூங்கில் வளையும் என்பது ஒரு வாதம். வெற்றி பெற்றவர் ஒருவரைக் காட்டி அவ்வழக்கத்தையே நியாயப்படுத்துவோரும் உண்டு. ஒரு சோதனை ஒருமுறை வெற்றி பெற்றுவிட்டால் அது விதியாகிவிடாது என்று ஆய்வுக்கூடத்தில் நமக்குச் சொல்லித் தருகிறார்களே! சுவாமிநாதன் பெரியவரானது பீடம் சீக்கிரம் கிடைத்ததால் அன்று. பீடம் கிடைத்த பிறகும் மாணவனாகவே இருந்ததால்தான்.

சென்ற பொங்கல் விடுமுறையில் என் பழைய வகுப்புத் தோழனைக் கண்டேன். தனித் தேர்வராகப் பத்தாம் வகுப்பை முடித்துவிட்டதாகச் சொன்னான். பூசைத் தட்டுக்குப் பக்கத்தில் பன்னிரண்டாம் வகுப்புப் பாடநூல் ஒன்று இருந்தது. அதன்மீது பட்டிருந்த திருநீற்றைத் தட்டிவிட்டு, கணக்கில் ஓர் ஐயம் கேட்டான். இருவரும் கோயில் திண்ணையில் அமர்ந்து அதைப் போட்டுப் பார்த்தோம்.