ஒட்டு ஏறாத கன்று உலகப் புகழ் பெற்ற கதை



வெண்ணெய்ப்பழத்தை (பட்டர் ஃப்ரூட்) சாப்பிட்டுவிட்டு, கொட்டையை வீட்டுப் பக்கத்தில் ஊன்றி வைத்தவர்கள் உங்களில் பலர் இருப்பீர்கள். நல்ல பழத்தின் கொட்டை என்பதால் அதே பழம்தான் காய்க்கும் என்று நம்பியிருப்பீர்கள். இதைப் பற்றித் தெளிவு பெற, ஒரு தபால்காரரின் வாழ்க்கையைத் தெரிந்துகொள்ளுங்கள்.

ருடால்ஃப் ஹாஸ் 1892-ல் அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் பிறந்தவர். பிழைப்புக்காகக் குடும்பத்துடன் கலிஃபோர்னியா வந்து, பாசடேனா நகரில் தபால்காரராக வேலை பார்த்தார். விவசாயப் படிப்பு எதுவும் இல்லை. 1920-களில் லா ஹாப்ரா ஹைட்ஸ் என்ற ஊரில் ஒன்றரை ஏக்கர் நிலம் வாங்கினார். அக்காலத்தில் அங்கே ஃபுயெர்ட்டே என்ற பச்சைத்தோல் ரகத்துக்குத்தான் மதிப்பு. ஹாஸ் நாற்றங்காலில் கொட்டைகள் வாங்கி ஊன்றினார். கன்றுகள் வளர்ந்ததும், தேர்ந்த ஒட்டுக்காரர் ஒருவரைக் கொண்டு அவற்றில் ஃபுயெர்ட்டே குச்சியை ஒட்டுக் கட்டினார்.

ஒரு கன்றில் மட்டும் ஒட்டு ஏறவில்லை. மறுபடி கட்டியும் பிடிக்கவில்லை. வெட்டி எறிந்துவிட நினைத்தார் ஹாஸ். கன்று திடமாக இருக்கிறது, விட்டு வையுங்கள் என்று ஒட்டுக்காரர் யோசனை சொன்னார். கன்று தப்பியது.

அது காய்த்தபோது பழத்தின் தோல் சொரசொரப்பாக இருந்தது, பழுத்ததும் கறுத்தது. பார்க்க அழகில்லை. ஆனால் ஹாஸின் பிள்ளைகள் அதன் ருசியை விரும்பினார்கள். வீட்டுக்குப் போக மிஞ்சியதைத் தபால் அலுவலக நண்பர்கள் விலைக்கு வாங்கினார்கள். தடித்த தோல் என்பதால் தொலைதூரச் சந்தைக்கும் தாங்கியது.

1935-ல் அந்த மரத்துக்குத் தன் பெயரில் காப்புரிமை பெற்றார். விட்டியர் ஊர் நாற்றங்கால்காரர் ஹெரால்டு பிரோகாவுடன் ஒப்பந்தம் செய்தார். விற்பனையில் கால் பங்கு ஹாஸுக்கு. ஆனால் தோட்டக்காரர்கள் ஒரே ஒரு கன்றை வாங்கி, அதில் குச்சி எடுத்துத் தோப்பு முழுவதும் ஒட்டிக்கொண்டார்கள். காப்புரிமையால் அவருக்குக் கிடைத்தது மொத்தம் ஐந்தாயிரம் டாலர் அளவே. கடைசிவரை தபால் வேலையை விட முடியவில்லை. 1952-ல் காலமானார், காப்புரிமையும் அதே ஆண்டில் முடிந்தது.

தாய்மரம் வேரழுகல் நோயுடன் போராடி 2002-ல் பட்டுப்போனது. ஆனால் இன்று உலகச் சந்தையில் முதலிடம் ஹாஸ் ரகத்துக்குத்தான். அத்தனை மரங்களும் அந்த ஒரே மரத்தின் கிளைகள். ஒட்டு வழியாகப் பெருகியவை.

இதிலிருந்து நீங்கள் செய்ய வேண்டியவை:

1. கொட்டைக் கன்று தாய்போல் காய்க்காது. அதை வேர்ச்செடியாக மட்டும் வளர்த்துங்கள். கொட்டை விரைவில் முளைப்புத்திறன் இழக்கும். பழத்திலிருந்து எடுத்த சில நாட்களுக்குள், அகன்ற பகுதி கீழே இருக்கும்படி பையில் ஊன்றுங்கள்.

2. தண்டு பென்சில் பருமன் வந்ததும், நன்கு காய்க்கும் மரத்தின் முற்றிய நுனிக்குச்சியை ஆப்பு வடிவில் சீவி, வேர்ச்செடியின் பிளவில் செருகிப் பாலித்தீன் நாடாவால் இறுகக் கட்டுங்கள். குச்சியின் மேல் சிறு பாலித்தீன் உறை மாட்டி நிழலில் வையுங்கள். ஒட்டுக்குக் கீழே வரும் தளிர்களைக் கிள்ளிவிடுங்கள்.

3. தண்ணீர் தேங்கும் இடத்தில் நடாதீர்கள். மேட்டுப்பாத்தி அமைத்து நட்டால் வேரழுகல் குறையும்.

4. உங்கள் தோட்டத்தில் தானாக முளைத்த மரம் வித்தியாசமாகக் காய்த்தால் அவசரப்பட்டு வெட்டாதீர்கள். மூன்று நான்கு பருவம் பாருங்கள். தரமாக இருந்தால் ஒட்டுக் கன்றுகள் எடுத்து இரண்டு மூன்று இடங்களில் நட்டு வையுங்கள். தாய்மரம் பட்டாலும் ரகம் பிழைக்கும்.

5. குச்சியை ஊருக்குக் கொடுக்கும் முன், பயிர் ரகப் பாதுகாப்பு மற்றும் விவசாயிகள் உரிமைச் சட்டம் 2001-ன் கீழ் உங்கள் பயிரைப் பதிவு செய்ய முடியுமா என்று அருகிலுள்ள வேளாண் அறிவியல் நிலையத்தில் கேளுங்கள். ஹாஸுக்குக் கிடைக்காத பலன் உங்களுக்காவது கிடைக்கட்டும்.