மங்கிய கண்ணால் நிறங்களை ஆராய்ந்த ராபர்ட் பாயில்

மஞ்சள் கரைத்த நீரில் சிறிது சுண்ணாம்பு சேர்த்தால் நீர் சிவந்துவிடும். ஆரத்தி கரைக்கும் தாய்மார்கள் எல்லோரும் அறிந்த விஷயம் இது. இதுபோன்ற நிற மாற்றங்களை வேடிக்கையாக விட்டுவிடாமல், பொருள்களின் குணத்தை அறியும் சோதனையாக ஆக்கித் தந்தவர் விஞ்ஞானி ராபர்ட் பாயில்.

பிரபுவின் மகன்

பாயில் 1627-ம் ஆண்டு ஜனவரி 25-ந் தேதி அயர்லாந்தில் உள்ள லிஸ்மோர் கோட்டையில் பிறந்தார். தந்தை கார்க் பிரபு பெரும் செல்வந்தர். அவருடைய 15 பிள்ளைகளில் பாயில் 14-வது பிள்ளை. மூன்று வயதிலேயே தாயை இழந்தார். பேச்சு திக்கும். ஆனால் படிப்பில் சூரர்.

1654-ம் ஆண்டு கடும் நோய் அவரைத் தாக்கியது. உயிர் பிழைத்தார், கண் பார்வை மங்கிவிட்டது. அப்போது அவருக்கு வயது 27. அதன்பின் அவர் சொல்லச் சொல்ல உதவியாளர்கள் எழுதினார்கள். ஆராய்ச்சியை மட்டும் அவர் நிறுத்தவில்லை.

பூச்சாறு சொன்ன உண்மை

ஆக்ஸ்போர்டு நகரில் குடியேறி, காற்றின் அழுத்தம் பற்றிய புகழ்பெற்ற விதியை 1662-ல் வெளியிட்டார். அடுத்து நிறங்கள் பக்கம் திரும்பினார்.

அந்நாளில் மருந்துக் கடைகளில் வயலட் பூவில் செய்த நீல நிறப் பாகு கிடைக்கும். அதை வெள்ளைத் தாளில் சொட்டு விட்டு, மேலே வினிகர் போன்ற புளிப்புத் திரவத்தைச் சேர்த்தார். நீலம் சிவப்பாயிற்று. இது முன்பே சிலருக்குத் தெரிந்ததுதான். சாம்பலில் இருந்து எடுத்த கார நீரைச் சேர்த்தபோது, யாரும் எதிர்பாராத வகையில் பாகு பச்சையாக மாறியது!

பாயில் அத்துடன் நிற்கவில்லை. பல பொருள்களைச் சேர்த்துப் பார்த்தார். சில பொருள்கள் எந்த மாற்றமும் செய்யவில்லை. ஆகவே சிவந்தால் அமிலம், பச்சையானால் காரம், மாறாவிட்டால் இரண்டும் இல்லை என்று பிரித்தார். ஒரு திரவம் எப்படிப்பட்டது என்று அறிய அதை நாக்கில் வைத்துப் பார்க்க வேண்டிய அவசியம் நீங்கியது.

இந்தச் சோதனைகளை 1664-ல் நூலாக வெளியிட்டார். ரசவாதிகள் பலர் தங்கள் முறைகளை மறைத்து வைத்த காலம் அது. பாயிலோ, படிப்பவர்கள் தாங்களே செய்து பார்க்கும்படி ஒவ்வொரு சோதனையையும் விவரமாக எழுதினார்.

கடைசி நாட்கள்

1668-ல் லண்டனுக்குச் சென்று தமக்கை காத்தரின் வீட்டில் தங்கினார். திருமணம் செய்துகொள்ளவில்லை. 1670-ல் பக்கவாதம் தாக்கியது. அப்போதும் சோதனைகள் தொடர்ந்தன. 1680-ல் ராயல் சொசைட்டியின் தலைவர் பதவி தேடி வந்தது. பதவிப் பிரமாணம் செய்ய மனம் ஒப்பாமல் மறுத்துவிட்டார்.

1691 டிசம்பர் 23-ந் தேதி தமக்கை இறந்தார். எட்டே நாட்களில், டிசம்பர் 31-ந் தேதி, பாயிலும் மறைந்தார்.

இன்று பள்ளி மாணவன் லிட்மஸ் தாளை அமிலத்தில் நனைத்து, அது சிவப்பதைப் பார்க்கிறான். பார்வை மங்கிய ஒருவர் பூச்சாற்றில் கண்டு சொன்ன அதே வழிதான் அது.