பழைய வரைபடமும் மூன்று ரூபாயும்



எங்கள் ஊர் வேங்கிக்கால். மாவட்டத் தலைநகரான திருவண்ணாமலையை ஒட்டி, வேலூர் செல்லும் சாலையில் இருக்கிறது. பவுர்ணமி வந்தால் போதும். பஸ், ரயில், வேன், கார் என்று எல்லாவற்றிலும் மக்கள் வந்து குவிவார்கள்.

1896ல் இங்கே பஸ்சும் இல்லை, காரும் இல்லை. அந்த ஆண்டில் 16 வயதுச் சிறுவன் ஒருவன் மதுரையிலிருந்து தன்னந்தனியாக இங்கே வந்து சேர்ந்தான். எப்படி வந்தான் என்று பார்ப்போமா?

சிறுவனின் பெயர் வேங்கடராமன். 1879 டிசம்பர் 30ல் திருச்சுழியில் பிறந்தவன். அப்பா சுந்தரம் ஐயர், அம்மா அழகம்மாள். 12 வயதில் அப்பா இறந்துவிட்டார். மதுரையில் சித்தப்பா வீட்டில் தங்கிப் படித்தான். 1895 நவம்பரில் வந்த உறவினர் ஒருவர், தான் அருணாசலத்திலிருந்து வருவதாகச் சொன்னார். அது திருவண்ணாமலைதான் என்றும், போகக்கூடிய ஊர் என்றும் வேங்கடராமன் அப்போதுதான் அறிந்தான். அன்று முதல் அந்த ஊர் அவன் மனதை விட்டு அகலவில்லை.

1896 ஆகஸ்ட் 29, சனிக்கிழமை. அண்ணனின் கல்லூரிக் கட்டணத்துக்காக 5 ரூபாய் அவன் கையில் வந்தது. பழைய வரைபடம் ஒன்றைப் புரட்டினான். திருவண்ணாமலைக்கு அருகில் இருந்த ரயில் நிலையம் திண்டிவனம் என்று அதில் கண்டது. 3 ரூபாய் போதும் என்று கணக்குப் போட்டான். மீதி 2 ரூபாயை ஒரு கடிதத்துடன் வீட்டிலேயே வைத்துவிட்டுப் புறப்பட்டான்.

திண்டிவனத்துக்கு டிக்கெட் 2 ரூபாய் 13 அணா. ஒரு ரூபாய்க்கு 16 அணா. அப்படியானால் மிச்சம் எவ்வளவு? ஆம், 3 அணாதான்!

ரயிலில் உடன் வந்த மௌல்வி ஒருவரிடம் பேசியபோதுதான் உண்மை தெரிந்தது. விழுப்புரத்திலிருந்து திருவண்ணாமலைக்கே ரயில் பாதை போடப்பட்டுவிட்டது. அவன் பார்த்த வரைபடம் பழையது! வழியில் அரை அணாவுக்குப் பேரிக்காய் வாங்கியதால் இப்போது கையில் இருந்தது இரண்டரை அணா.

அதிகாலையில் விழுப்புரத்தில் இறங்கினான். சாப்பிட்ட ஓட்டலில் 2 அணா நீட்டியபோது, கையிருப்பைக் கேட்டறிந்த உரிமையாளர் காசே வாங்கவில்லை. அந்தக் காசுக்கு மாம்பழப்பட்டு வரைதான் டிக்கெட் கிடைத்தது. அங்கிருந்து சுமார் 16 கி.மீ. நடந்தே அறையணிநல்லூர் கோயிலை அடைந்தான். பிறகு திருக்கோவிலூர் அருகே கீழூர். பசியால் சோர்ந்துபோன அவனுக்கு முத்துகிருஷ்ண பாகவதர் வீட்டில் உணவு கிடைத்தது. காதில் இருந்த கடுக்கனை அவரிடம் அடகு வைத்து 4 ரூபாய் பெற்றுக்கொண்டான். செப்டம்பர் 1 காலையில் ரயிலேறித் திருவண்ணாமலையில் இறங்கினான்.

வேங்கடராமன்தான் பின்னாளில் உலகம் போற்றிய ரமண மகரிஷி. 1950 ஏப்ரல் 14ல் மறையும்வரை அவர் இந்த ஊரை விட்டு வேறெங்கும் போகவே இல்லை. அவருடைய ஊர் சுற்றல் எல்லாம் கால்நடையாகத்தான். 14 கி.மீ. கிரிவலப் பாதையைப் பலமுறை நடந்தே சுற்றியிருக்கிறார்.

செல்லங்களே, ஒன்றை மறக்காதீர்கள். மகன் எங்கே போனான் என்று தெரியாமல் அழகம்மாள் சுமார் இரண்டு ஆண்டுகள் தவித்தார். 1898ல் கண்டுபிடித்து வந்து அழைத்தும் மகன் திரும்பவில்லை. 1916ல் அவரே இங்கு வந்து மகனுடன் தங்கிவிட்டார். ஆகவே, நீங்கள் எங்கே போனாலும் வீட்டில் சொல்லிவிட்டுப் போங்கள்.

அத்துடன், புறப்படும் முன் வழியைச் சரியாக விசாரியுங்கள். தேவைக்கு மேல் ஒரு காசும் எடுக்காத அந்த நேர்மையையும், முன்பின் தெரியாத சிறுவனுக்கு உதவிய மௌல்வி, ஓட்டல்காரர், பாகவதர் ஆகியோரின் நல்ல மனதையும் நினைவில் வையுங்கள். உங்கள் ஊருக்கு யாராவது வழி தெரியாமல் வந்தால், நீங்களும் அன்போடு வழி காட்டுவீர்கள்தானே?