சாம்பலில் ஒன்று, உப்பில் ஒன்று: சர் ஹம்ப்ரி டேவி கண்ட இரட்டை உலோகங்கள்

அடுப்பில் விறகு எரிந்து மிஞ்சுவது சாம்பல். குழம்பில் போடுவது உப்பு. சாம்பலுக்குள் ஓர் உலோகமும், உப்புக்குள் இன்னோர் உலோகமும் ஒளிந்திருக்கின்றன என்று சொன்னால் நம்பத் தோன்றுமா? 1807-ஆம் ஆண்டு வரையில் அவற்றைக் கண்ணால் கண்டவர் எவருமில்லை. அந்த ஆண்டு அக்டோபர் மாதத்தில், சில நாள் இடைவெளியில், இரண்டையும் பிடித்து வெளியே இழுத்து வந்தார் ஓர் இங்கிலாந்து இளைஞர். அப்போது அவருக்கு வயது 28. அவர்தான் சர் ஹம்ப்ரி டேவி.

மரச் சிற்பியின் மகன்

இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையில் கார்ன்வால் என்ற பிரதேசம் இருக்கிறது. அங்கே கடலோரத்தில் உள்ள பென்சான்ஸ் என்ற சிற்றூரில், 1778 டிசம்பர் 17-ந் தேதி டேவி பிறந்தார். தகப்பனார் மரத்தில் சித்திர வேலை செய்பவர். ஐந்து குழந்தைகளில் ஹம்ப்ரிதான் மூத்தவர். 1794-ல் தகப்பனார் காலமானபோது குடும்பத்துக்கு மிஞ்சியது கடன்தான். தாயார் பெண்களுக்கான தொப்பிக் கடை வைத்துக் குழந்தைகளைக் காப்பாற்றினார். மறு ஆண்டு ஹம்ப்ரி உள்ளூர் வைத்தியர் ஒருவரிடம் தொழில் பழகச் சேர்ந்தார்.

மருந்து கலக்கிய கைக்கு ரசாயனத்தில் ருசி உண்டாயிற்று. பிரெஞ்சு விஞ்ஞானி லவாய்சியரின் நூலைப் படித்தார். சர்வகலாசாலைப் படிப்பு அவருக்குக் கிடைக்கவில்லை. படித்ததெல்லாம் தாமே படித்ததுதான்.

1798-ல் பிரிஸ்டல் நகருக்குப் போனார். வாயுக்களைக் கொண்டு நோய் தீர்க்க முடியுமா என்று ஆராயும் நிலையம் ஒன்று அங்கே இருந்தது. சிரிப்பூட்டும் வாயுவைத் தாமே சுவாசித்துப் பார்த்து, சத்திர சிகிச்சையில் வலி தெரியாமலிருக்க அது உதவக்கூடும் என்று 1800-ல் எழுதினார். வைத்திய உலகம் அதைக் கவனிக்க இன்னும் 40 ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று! 1801-ல் லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷன் அவரை அழைத்துக் கொண்டது. அவருடைய பிரசங்கங்களைக் கேட்கச் சீமான்களும் சீமாட்டிகளும் வண்டி கட்டிக்கொண்டு வந்தார்கள்.

தண்ணீரில் தீ!

இத்தாலிய விஞ்ஞானி வோல்டா மின்கல அடுக்கைப் பற்றி உலகத்துக்கு அறிவித்தது 1800-ல். மின்சாரத்தால் தண்ணீரைப் பிரிக்க முடியும் என்பது அதே ஆண்டில் தெரிந்து விட்டது. டேவியின் மனம் வேறொன்றின் மேல் போயிற்று. மரச் சாம்பலிலிருந்து கிடைக்கும் பொட்டாஷ் காரத்தையும், அதன் கூடப்பிறந்தது போன்ற சோடாக் காரத்தையும் அதுவரை ஒருவராலும் பிரிக்க முடியவில்லை. லவாய்சியர்கூட 1789-ல் தனிமங்களின் பட்டியலை வெளியிட்டபோது, சந்தேகத்தின் பேரில் இவ்விரண்டையும் அதில் சேர்க்கவில்லை.

முதலில் டேவி பொட்டாஷைத் தண்ணீரில் கரைத்து மின்சாரம் செலுத்தினார். தண்ணீர்தான் பிரிந்தது, பொட்டாஷ் அப்படியே இருந்தது. உலர்ந்த பொட்டாஷில் மின்சாரம் பாயவே இல்லை. பிறகு ஒரு யுக்தி செய்தார். பொட்டாஷ் கட்டியைச் சற்று நேரம் காற்றில் வைத்தார். அது ஈரத்தை இழுத்து மேலே லேசாகக் கசிந்தது. அதைப் பிளாட்டினத் தட்டில் வைத்து மின்சாரத்தைப் பாய்ச்சினார்.

கட்டி உருகியது. அடியில் பாதரசம் போலப் பளபளக்கும் சின்னஞ்சிறு மணிகள் தோன்றின. சில மணிகள் தோன்றிய மாத்திரத்தில் படீரென்று வெடித்து எரிந்தன. அது 1807 அக்டோபர் 6-ந் தேதி. இளைஞர் டேவி ஆனந்தம் தாங்காமல் ஆய்வுக்கூடத்தில் குதித்துக் கூத்தாடினாராம். அருகில் உதவிக்கு நின்ற உறவினர் பிற்பாடு சொன்ன செய்தி இது. சில நாட்களில் சோடாவிலிருந்தும் இன்னோர் உலோகத்தைப் பிரித்தார். அது சற்று முரண்டு பிடித்தது; அதற்கு அதிக மின் பலம் வேண்டியிருந்தது. முன்னதற்குப் பொட்டாசியம் என்றும், பின்னதற்குச் சோடியம் என்றும் பெயரிட்டார்.

ஒரே ஜாடை, வேறு குணம்

உலோகம் என்றால் கனக்கும், தண்ணீரில் மூழ்கும் என்பதே அந்நாள் வரையில் உலகம் கண்டது. இவை இரண்டும் தண்ணீரில் மிதந்தன! ஒரு கன சென்டிமீட்டர் பொட்டாசியத்தின் எடை 0.86 கிராம், சோடியத்தின் எடை 0.97 கிராம். இவற்றை உலோகம் என்று சொல்லலாமா என்ற கேள்வி எழுந்தது. பளபளப்பு இருக்கிறது; மின்சாரமும் வெப்பமும் தாராளமாகப் பாய்கின்றன; ஆகவே உலோகந்தான் என்று டேவி தீர்ப்புச் செய்தார். அந்தத் தீர்ப்பு நிலைத்து விட்டது.

இரண்டும் கத்தியால் அறுக்கக்கூடிய அளவுக்கு மிருதுவானவை. அறுத்த இடம் வெள்ளி போல மின்னும். காற்றுப் பட்டதும் மங்கிவிடும். அதனால் எண்ணெயில் மூழ்க வைத்துத்தான் காப்பாற்ற வேண்டும். ஜாடை இவ்வளவு ஒன்றாக இருந்தாலும் குணம் வேறு. பொட்டாசியம் 63.5 டிகிரி சென்டிகிரேடு வெப்பத்திலேயே உருகும். சோடியத்துக்குச் சுமார் 98 டிகிரி வேண்டும். ஒரு சிறு துண்டு சோடியத்தைத் தண்ணீரில் போட்டால், உருண்டையாகி உஸ்ஸென்று சத்தமிட்டு அங்குமிங்கும் ஓடும். பொட்டாசியமோ விழுந்தவுடனே ஊதா நிறத்தில் தீப்பற்றும். பனிக்கட்டியின் மேல் வைத்தாலும் எரிந்து குழி பறிக்கும். சோடியம் எரிந்தால் சுடர் மஞ்சள் நிறம்.

சாவின் வாசலில்

நவம்பர் 19-ந் தேதி டேவி தம் கண்டுபிடிப்பை ராயல் சங்கத்தில் வெளியிட்டார். நாலைந்து நாட்களில் படுக்கையில் விழுந்தார். நியூகேட் சிறைச்சாலையைச் சுத்தப்படுத்த யோசனை சொல்லப் போன இடத்தில் காய்ச்சல் தொற்றியது என்று அவர் கருதினார். ஓய்வில்லாத உழைப்பே காரணம் என்றவர்களும் உண்டு. பல வாரங்கள் உயிர் ஊசலாடியது. மறு ஆண்டுதான் மீண்டும் மேடை ஏறினார். எழுந்த கையோடு கால்சியம், மெக்னீசியம், பேரியம், ஸ்டிரான்ஷியம் ஆகியவற்றையும் 1808-ல் பிரித்துக் காட்டினார்.

இங்கிலாந்தும் பிரான்சும் யுத்தத்தில் இருந்த காலம் அது. ஆனாலும் மின்சார ஆராய்ச்சிக்காகப் பிரெஞ்சு அறிஞர் சபை அவருக்குப் பரிசளித்தது. 1812-ல் சர் பட்டம் வந்தது. 1813-ல் புத்தகம் கட்டும் தொழில் பழகிய ஓர் ஏழை இளைஞரை உதவியாளராக அமர்த்திக் கொண்டார். அவர்தான் பின்னாளில் மின்சார உலகின் தந்தை எனப் புகழ்பெற்ற மைக்கேல் பாரடே. அதே பாரடேயை 1824-ல் ராயல் சங்கத்தில் சேர்க்க முற்பட்டபோது, சங்கத் தலைவராயிருந்த டேவி எதிர்த்தார். பெரிய மனிதரிடம் இருந்த சிறிய குறை அது.

பெரிய மனம் தெரிந்த இடமும் உண்டு. 1812-ல் வடக்கு இங்கிலாந்தில் பெல்லிங் நிலக்கரிச் சுரங்கம் வெடித்து 92 பேர் மாண்டார்கள். 1815-ல் டேவி, சுடரைச் சுற்றி மெல்லிய கம்பி வலை அமைத்த பாதுகாப்பு விளக்கைச் செய்தார். வலை சூட்டை உறிஞ்சிக் கொள்வதால் சுடர் வெளியிலுள்ள வாயுவைத் தொடாது. அதற்குக் காப்புரிமை வாங்கிப் பணம் சேர்க்க அவர் மறுத்து விட்டார்.

யாருக்கு எந்த வேலை?

டேவியைக் கூத்தாட வைத்தது பொட்டாசியம். ஆனால் உலோகமாக உலகத்துக்கு அதிகம் உழைத்தது சோடியம். 1827-ல் ஜெர்மானியர் வோலர் அலுமினியத்தைப் பிரிக்கப் பொட்டாசியத்தை உபயோகித்தார். 1854-ல் பிரெஞ்சுக்காரர் டெவில் அதே வேலைக்கு, விலை குறைந்த, அடங்கி நடக்கும் சோடியத்தை எடுத்தார். அலுமினியத் தொழில் பிறந்தது. தெருக்களில் பல காலம் மஞ்சள் ஒளி வீசியது சோடிய ஆவி விளக்கு. நம் கல்பாக்கத்தில் 1985-ல் இயங்கத் தொடங்கிய சோதனை வேக ஈனுலையின் சூட்டைச் சுமந்து செல்வதும் உருகிய சோடியமே.

பொட்டாசியத்தின் பெருமை வேறு இடத்தில். தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல் சத்து என்று உழவர்கள் சொல்கிறார்களே, அந்தச் சாம்பல் சத்து இதுதான். பயிருக்குப் பொட்டாசியம் இன்றியமையாதது; அதன் இடத்தைச் சோடியம் நிரப்ப முடியாது. ஒரு கிலோ கடல் நீரில் சோடியம் ஏறத்தாழ 10.8 கிராம் இருக்க, பொட்டாசியம் 0.4 கிராம்தான். பூமியில் இரண்டும் ஏறக்குறைய சமமாக இருந்தும், பொட்டாசியத்தைக் களிமண்ணும் செடிகொடிகளும் பிடித்து வைத்துக் கொள்கின்றன. சோடியம் ஆற்றோடு கடலுக்குப் போய்விடுகிறது. சுரங்க விபத்தில் சிக்கியவர் மூச்சு விட உதவும் சாதனங்களிலும் பொட்டாசியம் சூப்பர் ஆக்சைடு உண்டு. கரிய வாயுவை உண்டு பிராண வாயுவைத் தரும் பொருள் அது.

நம் உடம்பிலோ இரண்டும் சேர்ந்து வேலை செய்கின்றன. உயிரணுவுக்கு உள்ளே பொட்டாசியம் அதிகம். வெளியே சோடியம் அதிகம். இந்த ஏற்றத்தாழ்வினால்தான் நரம்பில் செய்தி ஓடுகிறது, இதயம் துடிக்கிறது. ஒன்று குறைந்தாலும் மிஞ்சினாலும் உயிருக்கு ஆபத்து.

1829 மே 29-ந் தேதி சுவிட்சர்லாந்தின் ஜெனிவா நகரில் டேவி காலமானார். வயது 50. இளமையில் துணிந்து முகர்ந்த வாயுக்களும் ஓயாத உழைப்பும் அவர் உடலை முன்பே தளர்த்தியிருந்தன. மரச் சிற்பியின் மகன், ஒரே மாதத்தில் உலகத்துக்கு அளித்த செல்வம் இரண்டு. வயலுக்குச் சாம்பல் இடும் உழவருக்கும், குழம்புக்கு உப்பு இடும் தாய்மாருக்கும், தங்கள் கையில் இருப்பது இன்னதென்று காட்டிக் கொடுத்தவர் அவரே.