நாவலர் பெருமான் காட்டிய ஆசிரிய நெறி

நல்லூரில் 1822ஆம் ஆண்டு அவதரித்த ஸ்ரீலஸ்ரீ ஆறுமுக நாவலரவர்கள், யாழ்ப்பாணத்து வெஸ்லியன் மிஷன் பாடசாலையிற் கற்று, அங்கேயே ஆசிரியராகி, பேர்சிவல் பாதிரியாருக்கு வேதாகம மொழிபெயர்ப்பிலும் துணைநின்றார்கள். 1848இல் வண்ணார்பண்ணையிலே சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தாபித்து, மிஷன் உத்தியோகத்தையும் வேதனத்தையும் துறந்தார்கள். ஆயினும் அங்குக் கண்ட வகுப்பொழுங்கைத் துறந்தாரல்லர். அதனைச் சைவப் பிள்ளைகளுக்கு உரியதாக்கினார்கள். பிடியரிசி சேர்த்துப் பாடசாலையை நடத்தினார்கள். பாலபாடங்கள் எழுதி அச்சிட்டார்கள். 1877ஆம் ஆண்டுப் பஞ்சத்திலே ஏழைகளுக்குக் கஞ்சி வார்ப்பித்தார்கள். இல்லறம் புகாது உழைத்து, 1879இல் சிவபதமடைந்தார்கள்.

மிஷன் பாடசாலையிற் கற்று, யட்டவத்தவிலே பாடஞ்சொல்லும் யாம், சம்பள நாளை எண்ணுந்தோறும் அவர்களை நினைந்து நாணுகின்றோம். ஆசிரியர்காள்! இச்சரித்திரத்தை மாணாக்கருக்குச் சொல்லுமுன், அதிலொரு சிறு பங்கையாயினும் நாம் அநுட்டிப்போமாக.