தம் மீதே வழக்குப் போட்ட தலைவர்

போலந்து நாட்டின் வார்சா நகரில் 1912இல் ஆதரவற்ற யூதக் குழந்தைகளுக்காக ஓர் இல்லம் திறக்கப்பட்டது. அதன் தலைவர் ஜானுஸ் கோர்ச்சாக். குழந்தை மருத்துவர், எழுத்தாளரும்கூட. ஸ்டெஃபானியா வில்சின்ஸ்கா என்ற பெண்மணி அவருடன் சேர்ந்து இல்லத்தை நடத்தினார்.

அந்த இல்லத்தில் ஒரு நீதிமன்றம் இருந்தது. நீதிபதிகள் ஐவரும் குழந்தைகள். அந்த வாரம் வழக்கில் சிக்காதவர்களிலிருந்து சீட்டுக் குலுக்கி அவர்களைத் தேர்ந்தெடுத்தனர். சட்டத்தின் முதல் 99 பிரிவுகளில் தண்டனையே இல்லை; பெரும்பாலும் மன்னிப்புதான். இல்லத்தைவிட்டு வெளியேற்றுவது 1000ஆம் பிரிவு.

தொடக்கத்தில் குழந்தைகளே அதைக் கேலிக்கூத்தாக்கினர். கோர்ச்சாக் சில வாரங்கள் நிறுத்திவைத்து, விதிகளைத் திருத்தி மீண்டும் நடத்தினார். பெரியவர்கள் மீதும் வழக்குப் போடலாம் என்பது புதிய விதிகளில் ஒன்று.

நாளை பள்ளிக்குத் தலைமையேற்க நினைப்போர் கவனிக்க வேண்டிய இடம் இதுதான். ஆறு மாதத்தில் ஐந்து முறை அவர் தம் மீது தாமே வழக்குப் போட்டுக்கொண்டார். ஒரு சிறுவனை அறைந்தது ஒரு வழக்கு. ஒரு சிறுமியைத் திருடியென்று சந்தேகித்தது இன்னொன்று. குழந்தைகள் விசாரித்துத் தீர்ப்பளித்தார்கள். தம்மைச் சட்டத்துக்குட்பட்ட ஆசிரியராக்கியவை அந்த வழக்குகளே என்று பின்னாளில் எழுதினார். எத்தனை தலைமையாசிரியர்களுக்கு இந்தத் துணிச்சல் வரும்?

1940இல் நாஜிகள் இல்லத்தை யூதர்களுக்கான அடைப்புப் பகுதிக்குள் தள்ளினர். 1942 ஆகஸ்டில் ஏறக்குறைய 200 குழந்தைகளை ரயிலேற்ற உத்தரவு வந்தது. தப்பிக்கக் கிடைத்த வாய்ப்புகளைக் கோர்ச்சாக் ஏற்கனவே மறுத்திருந்தார். அவரும் ஸ்டெஃபானியாவும் குழந்தைகளுடன் வரிசையாக நடந்தனர். ட்ரெப்ளிங்கா முகாமுக்குப் போன அவர்கள் திரும்பவில்லை.